சலாசி மலைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் சலாசி மலைப் பள்ளத்தாக்குக்குள் காலை எட்டு மணிக்குள் நுழைந்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. நான் முதல் தடவை போனபோது ஞாயிற்றுக்கிழமைதானே என்று சாவகாசமாகத் தோசை சுட்டுத் தின்றுவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அருவியின் சத்தம் கேட்டது, அருவியைக் காணோம். மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி கட்டியது போல மேகம். அந்த மேகம் பெரும்பாலான நாட்களில் பத்து மணிவாக்கில் ஏறத் தொடங்கிவிடும். இது இங்கே எல்லாருக்கும் தெரியும், புதிதாக வந்தவர்களைத் தவிர.

புதுச்சேரியிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ ரீயூனியனுக்கு வேலை நிமித்தம் வருகிறவர்கள் ஓய்வு நாள் என்றால் மேற்குக் கரைக் கடலோடு நின்றுவிடுகிறார்கள். கடல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுறா பயத்தால் பவளத்திட்டுக்குள் அடங்கிய ஆழமற்ற பகுதியில்தான் பெரும்பாலும் குளிக்க முடியும். இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். தீவின் நிஜமான முகம் மலைக்குள் இருக்கிறது.

3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேஜ் என்ற தூங்கும் எரிமலையைச் சுற்றி, மூன்று ராட்சதக் கிண்ணங்கள் குடைந்ததுபோல மூன்று பள்ளத்தாக்குகள்: சலாசி, சிலாவோஸ், மஃபாத். சிலாவோஸ் சாலையில் 400 வளைவு என்று சொல்வார்கள், வாந்தி நிச்சயம். மஃபாத்துக்குள் சாலையே கிடையாது, நடந்துதான் போக வேண்டும். முதல் பயணத்துக்குச் சலாசிதான் சரி. கிழக்கே சேந்தாந்த்ரே ஊரிலிருந்து ஒரே சாலை, சுமார் 25 கிலோமீட்டரில் எல்-பூர் கிராமம். கார் இருந்தால் முக்கால் மணி நேரம்.

எப்போது போவது

மே முதல் நவம்பர் தொடக்கம் வரை. அதற்குப் பிறகு ஏப்ரல் வரை புயல் காலம். ஆனாலும் சலாசி கடல் காற்று வந்து மோதும் பக்கம் இருக்கிற பள்ளத்தாக்கு, மழை அதற்குப் பருவம் பார்ப்பதில்லை. உலகத்திலேயே ஒரே நாளில் அதிக மழை பெய்த சாதனை இந்தத் தீவுக்குத்தான்: 1966 ஜனவரியில், எரிமலைப் பக்கம் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அதனால் முதல் நாள் இரவே வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மழையில் பாறை உருண்டு சாலை அடைபட்டால் மேலே போனவர் மேலேயே இருக்க வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. புயல் எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று படிப்படியாக ஏறும். மஞ்சள் வந்ததுமே ஊர்க்காரர்கள் கடைக்குப் போய்த் தண்ணீரும் மெழுகுவர்த்தியும் வாங்குவார்கள், மலைக்குப் போகமாட்டார்கள்.

சனி காலை ஏறி ஞாயிறு மாலை இறங்கும் பயணம் இது, தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையிலும் அக்டோபரிலும் இடம் கிடைப்பது கஷ்டம். எல்-பூரில் வீட்டோடு அறை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரவு அவர்கள் மேசையிலேயே சாப்பாடு. விடுதியைவிட இதுதான் நல்லது என்பேன். காரணம், பேச்சுத் துணை.

வெள்ளிக்கிழமை

பையில் என்ன வைப்பது? ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம். எல்-பூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஜூலை இங்கே குளிர்காலம், இரவில் பல் அடிக்கும். மழைக்கோட்டு, தலையில் மாட்டும் விளக்கு, பிடிப்புள்ள காலணி. செருப்பில் வந்து சேற்றில் வழுக்கி விழுந்த நம்மவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கொஞ்சம் ரொக்கம், சின்னக் கடைகளில் அட்டை ஓடாது. காலில் புண் இருந்தால் நன்றாகக் கட்டு போட்டுக்கொள்ளுங்கள், சேறும் தேங்கிய நீரும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும்.

சேந்தாந்த்ரேவில் கோயில் பார்க்க நினைத்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பார்த்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. இங்கே பல கோயில் வாசலில் அன்று மாமிசம் சாப்பிட்டவர் உள்ளே வர வேண்டாம் என்று எழுதியிருக்கும், அதைச் சொல்லியும் அனுப்புவார்கள். மலையிலிருந்து ஆட்டுக்கறி மசாலே சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு வாசலோடு சரி. கடலோரம் ஷாம்-போர்ன் பக்கமுள்ள கொலோஸ் கோயில் பெரியது, கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். அதே கரையில் 1962இல் ஜென்னி புயல் அடித்துப் போட்ட பழைய மாதா கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த ஊர்த் தமிழ் வம்சாவளியினரை ‘மல்பார்’ என்பார்கள். மலையாளக் கரையிலிருந்து வந்தவர்கள் அல்ல. பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள்தான், பெயர் மட்டும் அப்படி ஒட்டிக்கொண்டது. அது வசை இல்லை, அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860, 1861 ஒப்பந்தங்களுக்குப் பிறகு ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1882இல் அதை நிறுத்தினார்கள். இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த கட்டடம் தலைநகர் சேன் தெனிக்கு மேற்கே கிராந்த் ஷாலூப்பில் இன்னும் இருக்கிறது, வேறொரு நாள் போய்ப் பாருங்கள்.

அந்த மக்கள் பேச்சுத் தமிழை இழந்துவிட்டார்கள், பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். சொற்களை இழக்கவில்லை. சந்தையில் ஒரு கிழவியிடம் கறிவேப்பிலை கேட்டேன். புரியவில்லை. கொத்தைத் தொட்டுக் காட்டினேன். “ஆ, கலுபிலே!” என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “கறி-வேப்பிலை” என்று வாத்தியார் மாதிரி திருத்தினேன். அவள் கொத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, “சா இ அப்பெல் கலுபிலே, மொன் சான்ஃபான்” என்றாள். இதற்குப் பேர் கலுபிலேதான், என் பிள்ளை. பிறகு எனக்காக ஒரு கைப்பிடி கொத்தமல்லியை எடுத்துப் போட்டு, “கொத்தொமிலி” என்று மெதுவாகச் சொன்னாள், நான் கற்றுக்கொள்ளட்டும் என்று.

அன்றிலிருந்து நான் யாரையும் திருத்துவதில்லை. நீங்களும் திருத்தாதீர்கள், காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’ ஆகியிருக்கும். முருங்கை ‘முரும்’. தட்டில் ஓரமாக வைக்கும் காரமான தொடுகறிக்கு ‘ருகாய்’ என்று பெயர், அது நம் ஊறுகாய்தான் என்பார்கள். கோயிலில் மதுரை வீரன் ‘மர்தேவிரென்’, முனீஸ்வரன் ‘மினிஸ்ப்ரென்’, தீமிதிக்கு உரிய திரௌபதி அம்மன் ‘பாந்தியாலே’. தப்பு மேளம் ‘தப்பு’வாகவே இருக்கிறது. தெருக்கூத்து நடத்தும் பெரியவர் ‘வர்த்தியால்’. இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளுக்கு ‘சாம்ப்லானி’ என்று பெயர், வீட்டில் புகையும் சாம்பிராணியே சடங்கின் பெயராகிவிட்டது. நூற்றைம்பது வருடம் எழுத்து இல்லாமல் வாய் வழியாக மட்டும் வந்த சொற்கள் இவை. தேய்ந்திருக்காதா?

மேலே ஏறும் சாலை

இங்கே வண்டி வலது பக்கம் ஓடும். நம் ஊர்ப் பழக்கத்தில் வருகிறவர்கள் வளைவுகளில் குழம்பிவிடுவோம், முதல் தடவை மெதுவாகவே போங்கள். பின்னால் வரும் உள்ளூர்க்காரர் அவசரப்படுவார். ஒதுங்கி வழி விடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. பேருந்து எதிரே வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிராமல் தாழ்ந்த கியரில் விடுங்கள்.

கார் இல்லாதவர்கள் சேந்தாந்த்ரே பேருந்து நிலையத்திலிருந்து சலாசிக்குப் போய், அங்கே எல்-பூர் வண்டி மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டி மிகக் குறைவு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புக் காடு முடிந்ததும் ரிவியேர் து மா ஆற்றோடு சாலை மலைக்குள் புகும். இரு பக்கமும் சுவர் போல மலை, பத்தடிக்கு ஒன்றாக நூல் நூலாய் அருவிகள். சலாசி கிராமத்தைத் தாண்டியதும் வுவால் த லா மரியே, மணப்பெண்ணின் முக்காடு என்று அர்த்தம். சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். வளைவில் நிறுத்தாதீர்கள், ஒதுக்கிய இடத்தில் நிறுத்துங்கள்.

வழியில் சிவப்புச் சாயம் அடித்த சின்னச் சின்னக் கோயில்கள் வரும். நம் ஊர் முனியப்பன் கோயில் என்று நினைத்துக் கும்பிடப் போவீர்கள். அது சேந்த் எக்ஸ்பெதி என்ற கத்தோலிக்கப் புனிதருக்கு. ரோமானியப் படைவீரர் உடையில் நிற்பார். அவசர காரியத்துக்கு அவர்தான் என்று எல்லா மதத்தாரும் வேண்டிக்கொள்கிறார்கள், மல்பார்களும்தான். கும்பிடலாம், தவறில்லை. ஆனால் அங்கே வைத்திருக்கும் எதையும் தொடாதீர்கள். வேண்டுதல் பொருள், ஊரில் அதைப் பற்றிய பயம் நிஜமானது.

எல்-பூரில் ஒரு நாள்

எல்-பூரை Hell-Bourg என்று எழுதுவார்கள், ஆங்கிலத்தில் படித்தால் நரக ஊர் என்று தோன்றும். 1838 முதல் 1841 வரை ஆளுநராக இருந்த தெ எல் என்பவரின் பெயர் அது. 1831இல் இங்கே வெந்நீர் ஊற்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கரையோரப் பணக்காரர்கள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பிக் ‘காற்று மாற’ இங்கே வந்து வீடு கட்டினார்கள். நம் ஆட்கள் ஊட்டிக்குப் போனது மாதிரி. 1948 புயலோடு ஊற்று மண்மூடிப் போயிற்று. குளியல் நிலையத்தின் இடிபாடுகள் கிராமத்துக்குக் கீழே, கொஞ்ச தூரம் நடந்தால் இருக்கின்றன. பாசியும் பெரணியும் மூடிய தொட்டிகள்தான், ஆனால் இறங்கிப் போகும் அந்த வழி அழகு. காலையில் வந்ததும் முதலில் இதை முடித்துவிடுங்கள்.

அப்புறம் தெருக்களில் நடங்கள். மரப்பலகை வீடுகள், கூரை விளிம்பில் கத்தரித்த காகிதம் போலத் தகட்டு வேலைப்பாடு, முன்னால் வராங் என்கிற தாழ்வாரம். வில்லா ஃபோலியோ என்ற வீட்டை உள்ளே போய்ப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது அதன் தோட்டத்து ‘கெத்தாலி’. சுற்றுச்சுவர் மூலையில், தெருவைப் பார்த்தபடி ஒரு சின்ன மண்டபம். தெருவில் யார் போகிறார், யாரோடு போகிறார் என்று தான் வெளியே தெரியாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கு. நம் திண்ணைக்குப் பெரிய இடத்துச் சகோதரி. திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைப்போம், கெத்தாலியில் அந்த வேலை இல்லை. அதுதான் வித்தியாசம்.

இந்த மலைகளின் முதல் மனிதர்கள் அந்த வீட்டுக்காரர்கள் அல்ல. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள். பள்ளத்தாக்கின் நடுவில் தனியாக எழுந்து நிற்கும் பித்தோன் தாஞ்சேன் மலை, அங்கே ஒளிந்து வாழ்ந்ததாகக் கதையில் வரும் ஆஞ்சேன், எவா தம்பதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏற வேண்டாம், முதல் பயணத்துக்கு அது செங்குத்து. கிராமத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 1830க்குப் பிறகு இங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் ஏழை வெள்ளைக்காரர்கள். அதனால் தமிழ் முகம் தேடுகிறவருக்குச் சலாசியில் அவ்வளவு கிடைக்காது, அது கீழே கரும்புக் காட்டோடு நின்றுவிட்டது.

ஆனால் சமையலறையில் கிடைக்கும். வேலியிலும் பந்தலிலும் மலைச் சரிவிலும் எங்கு பார்த்தாலும் ஒரு கொடி தொங்கும். ஷுஷு என்பார்கள். நம் சௌசௌவேதான். இங்கே காயைப் பாலாடைக் கட்டியோடு சுட்டுத் தருவார்கள், கேக் கூடச் செய்வார்கள். கொடியின் இளந்தளிரைக் கீரையாகத் தாளிப்பார்கள். நாரை உரித்துத் தொப்பி முடைந்த காலமும் உண்டு. அந்தத் தளிர்க் கீரையைக் கட்டாயம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நம் ஊரில் இவ்வளவு காய் தின்றும் தளிரைத் தொட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘கரி’ என்றால் இங்கே கோழி, பன்றி, மீன் எதுவும் இருக்கும், சைவம் என்ற சொல் கடைக்காரருக்குப் புரியாது. “சான் வியாந்த், சான் புவாசோன்” என்று கறியும் மீனும் வேண்டாம் எனச் சொல்லிவிடுங்கள். சோறு, ராஜ்மா மாதிரி ஒரு பயறுக் குழம்பு, கீரை, ருகாய் கிடைக்கும், வயிறு நிறையும். பயற்றில் பன்றிக் கொழுப்புப் போட்டிருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. வீட்டில் தங்குகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் தொந்தரவே இல்லை.

எதைக் கேட்பதற்கு முன்னாலும் “போன்ஜூர்” சொல்லுங்கள். வழி கேட்டாலும் சரி, ரொட்டி வாங்கினாலும் சரி. நேராக விஷயத்துக்கு வருவது இங்கே மரியாதைக் குறைவு. “கொமான் இ லே?” என்று யாராவது நலம் கேட்டால் “லே லா” என்று பதில் சொல்லிப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை அதற்காகவே இன்னொரு கரண்டி கீரை விழுந்தது.

பெலூவ் ஏற்றம்

ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். கிராமத்து மேல் முனையிலிருந்து பெலூவ் காட்டுக்குப் பாதை. சுமார் 550 மீட்டர் ஏற வேண்டும், நடுத்தர நடைக்கு இரண்டு மணி நேரம், என் நடைக்கு இரண்டே முக்கால். படியும் வேரும் கல்லுமாக வளைந்து வளைந்து போகும். ஏறும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையின் இணையப் பக்கத்தில் பாருங்கள். ‘மூடப்பட்டது’ என்று பலகை இருந்தால் அதற்கு அர்த்தம் பாறைச் சரிவுதான். 1875இல் கிரான் சாப்ல் என்ற ஊரே மலை சரிந்து புதைந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போன பள்ளத்தாக்கு இது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்கிய வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பல இடத்தில் கைபேசிக்குச் சிக்னல் இராது, கிடைக்கிற இடத்தில் அவசர எண் 112.

உச்சியில் மலைக்குடில் ஒன்று இருக்கிறது, அங்கே காபி கிடைத்தால் அதிர்ஷ்டம். விளிம்பில் நின்றால் சலாசி முழுவதும் காலடியில். பின்னால் திரும்பினால் பெலூவ் காடு: வளைந்து நெளிந்த மரங்கள், தொங்கும் பாசி. ‘தமரேன்’ என்று பெயர் சொல்வார்கள். புளியமரம் இல்லை, வேலமரத்து இனம், இந்தத் தீவுக்கே உரியது. பழம் தேடாதீர்கள்.

காட்டுக்குள் இன்னும் ஒன்றரை மணி நேரம் போனால் த்ரூ த ஃபேர் என்ற அருவிக் குழியின் காட்சி மேடை. கால் தெம்பாக இருந்து, வானமும் சுத்தமாக, மணி ஒன்பதுக்குள் இருந்தால் மட்டும் போங்கள். எனக்கு மூன்று தடவையில் ஒரு தடவைதான் தெரிந்தது. மற்ற இரண்டு தடவையும் கணுக்கால் சேறும் வெள்ளை மேகமும்.

மே முதல் ஜூலை வரை பாதையோரம் கொயாவியே என்கிற குட்டிச் சிவப்புக் கொய்யா பழுத்திருக்கும். பறித்துத் தின்னலாம். அது வெளியிலிருந்து வந்து காட்டை நெருக்கும் செடி, தின்றால் காட்டுக்கு நஷ்டமில்லை. மற்ற எந்தச் செடியையும் கிள்ளாதீர்கள், இது தேசியப் பூங்கா, 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது.

திரும்பும்போது

மூன்று மணிக்கு முன் இறங்கத் தொடங்குங்கள். ஞாயிறு மாலை தீவே உல்லாசப் பயணம் முடிந்து வீடு திரும்பும். வரும் வழியில் பாருங்கள், ஆற்றோரக் கொட்டகைகளில் குடும்பம் குடும்பமாகப் பெரிய அலுமினியப் பானையோடு உட்கார்ந்திருப்பார்கள். விடியற்காலையிலேயே ஒருவர் வந்து துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார். பொட்டலச் சோறு இல்லை, விறகடுப்பில் அங்கேயே சமைப்பார்கள். உங்களை உற்றுப் பார்த்து, “மல்பார் லேந்த்?” என்று கேட்டால், இந்தியாவிலிருந்து வந்த ஆளா என்று அர்த்தம். ஆமாம் என்று சொல்லிவிட்டு உடனே நகராதீர்கள், அநேகமாகத் தட்டு வரும்.

சாலையோரம் மேசை போட்டு ஷுஷு விற்பார்கள். மேல்தோல் வெளிர்ப் பச்சையாக, முள் மென்மையாக இருப்பதை எடுங்கள். பக்கத்தில் தளிர்க்கட்டும் இருக்கும், அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், மறுநாள் வாடிவிடும். நார் உரித்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து, தண்ணீர் தெளிக்காமல் வதக்குங்கள். காயைச் சாம்பாரில் போடுங்கள். காலணியை வாசலிலேயே கழற்றிக் கழுவிவிடுங்கள், அந்தச் சேறு காய்ந்தால் கத்தியால்தான் சுரண்ட வேண்டும்.